ராத்திரி இரண்டு மணிக்கு ஓடும் தண்ணீர்: வீட்டு சென்சார் கேள்வி பதில்

இரணியல் பக்கம் எங்கள் வீடு. முற்றத்தில் கிணறு, மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க், டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் ஒரு ஃப்ளோ சென்சார், டேங்க் மூடியில் மட்டத்தை அளக்கும் இன்னொரு சென்சார். நானே மாட்டியது, இது ஐந்தாவது வருடம். கன்னியாகுமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து: அக்கா, நம்ம ஊர்ல வருஷத்துக்கு ரெண்டு மழை. கிணத்துல வெள்ளம் கிடக்கு. இதப் போய் எதுக்கு அளக்கணும்?

(மற்ற மாவட்டக்காரர்களுக்காக: எங்கள் பக்கம் தண்ணீரைத்தான் வெள்ளம் என்போம்.)

ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்பது உண்மைதான். ஆனால் மார்ச், ஏப்ரலில் உங்கள் கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? செம்மண் மேட்டில் இருக்கும் கிணறுகள் அப்போது மளமளவென்று இறங்கிவிடும். கடலோரத்தில் இருப்பவர்கள் அளவுக்கு மீறி இறைத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். வந்தால் லேசில் போகாது.

நான் அளக்கத் தொடங்கியதற்கு வேறு காரணம். வீட்டில் ஐந்து பேர். குழாய் சென்சார் ஒரு நாளைக்கு 560 லிட்டர் என்றது. டேங்க் மட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 900 வந்தது. ஏதோ ஒரு சென்சார் பழுது என்று நினைத்து இரண்டையும் கழற்றி மாட்டினேன். மாற்றமே இல்லை. அப்புறம் ஒரு நாள் ராத்திரி வரைபடத்தை மட்டும் எடுத்துப் பார்த்தேன். பதினொரு மணியிலிருந்து காலை ஐந்து வரை எல்லோரும் தூக்கம், ஒரு குழாயும் திறக்கவில்லை. ஆனால் டேங்க் மட்டம் 9 செ.மீ. இறங்கியிருந்தது. எங்கள் டேங்கில் ஒரு செ.மீ. என்றால் ஒன்பதரை லிட்டர். ஆறு மணி நேரத்தில் 85 லிட்டர், ஒரு நாளைக்கு 340. இரண்டு கணக்குக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அதேதான்.

குழாய் சென்சார் அதை ஏன் பார்க்கவில்லை என்றால், கசிவு நிமிடத்துக்குக் கால் லிட்டர்கூட இல்லை. அவ்வளவு மெல்ல ஓடும் தண்ணீருக்கு அதன் உள்ளே இருக்கும் சக்கரம் சுழலாது. கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க எந்த சென்சாரும் தேவைப்படவில்லை. ஃப்ளஷ் டேங்கில் நாலு சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாமல் காத்திருந்தேன். பீங்கானின் பின்பக்கம் நூல் போல ஒரு நீலக் கோடு இறங்கியிருந்தது. அடியில் இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றினோம். அன்று ராத்திரி வரைபடத்தின் கோடு இறங்காமல் படுத்துவிட்டது.

ஆகவே எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்பதைத் துல்லியமாகப் பிடிக்க அலையாதீர்கள். யாரும் பயன்படுத்தாத நேரத்தில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: முதல்முறை செய்கிறேன். எதை வாங்க வேண்டும்?

வைஃபை உள்ள இ.எஸ்.பி.8266 அல்லது இ.எஸ்.பி.32 போர்டு ஒன்று, ஃப்ளோ சென்சார் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் லெவல் ஷிஃப்டர் ஒன்று. சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்தால் அது அனுப்பும் துடிப்பும் (சக்கரம் சுழலும்போது வரும் மின் சைகை) 5 வோல்ட்டில் வரும். போர்டின் கால்களுக்கு 3.3 வோல்ட்தான் கணக்கு. அதைக் குறைத்துக் கொடுப்பதுதான் லெவல் ஷிஃப்டரின் வேலை. அந்தச் சின்னத் துண்டை விட்டுவிட்டுப் போர்டைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய.

மென்பொருளுக்கு, போர்டை இயக்க இ.எஸ்.பி.ஹோம், வரைபடம் பார்க்க ஹோம் அசிஸ்டன்ட், இரண்டும் போதும். இரண்டுமே இலவசம், கணக்கு முழுவதும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும். துடிப்பை எண்ணும் வசதி இ.எஸ்.பி.ஹோமில் தயாராக இருக்கிறது, நீங்கள் நிரல் எழுத வேண்டியதில்லை.

கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது ஒய்.எஃப்.-எஸ்201 என்ற அரை இஞ்ச் சென்சார். அளக்கும் எல்லை நிமிடத்துக்கு 1 முதல் 30 லிட்டர். உள்ளே காந்தம் வைத்த ஒரு சக்கரம். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 450 துடிப்பு. இதை டேங்கிலிருந்து இறங்கும் ஒரு இஞ்ச் மெயின் குழாயில் மாட்டாதீர்கள். மாடி டேங்கிலிருந்து நமக்குக் கிடைக்கும் அழுத்தமே கொஞ்சம்தான்: பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) என்றால், மூன்று மீட்டருக்கு வெறும் 0.3 பார். அதில் அரை இஞ்ச் கழுத்தை வைத்தால் ஷவர் அழ ஆரம்பிக்கும். மெயின் குழாய்க்கு ஒரு இஞ்ச் சென்சாரே வாங்குங்கள். அதன் துடிப்புக் கணக்கு வேறு, பெட்டியில் போட்டிருக்கும்.

மாநகராட்சி இணைப்பு இருந்தால் மீட்டரையோ அதற்கு முந்திய குழாயையோ தொடவே கூடாது. மீட்டருக்குப் பிறகு, உங்கள் பக்கத்தில் மாட்டுங்கள்.

தக்கலையிலிருந்து: வாளியில் பிடித்தால் பத்து லிட்டர், சென்சார் பதினொன்று காட்டுகிறது.

450 என்பது பொதுக்கணக்கு. உங்கள் சென்சாருக்கு, உங்கள் குழாய்க்கு என்ன என்று நீங்கள்தான் பிடிக்க வேண்டும். குடிதண்ணீர் 20 லிட்டர் கேன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயை மெல்லத் திறந்து ஒரு தடவை, பாதி திறந்து ஒரு தடவை, முழுதாகத் திறந்து ஒரு தடவை என்று கழுத்து வரை நிரப்பி, ஒவ்வொரு தடவையும் மொத்தத் துடிப்பை எழுதுங்கள். எனக்குப் பாதித் திறப்பில் 8,640 வந்தது. இருபதால் வகுத்தால் லிட்டருக்கு 432. மெல்லத் திறந்தபோது அதைவிடக் குறைவு. வீட்டில் பெரும்பாலும் எந்த வேகத்தில் திறப்பீர்களோ அந்த எண்ணைப் போடுங்கள். அதன் பிறகும் நூற்றுக்கு மூன்று நாலு கூடக் குறைய இருக்கும். இருக்கட்டும்.

குளச்சலிலிருந்து: நாலே மாதத்தில் போர்டு பச்சை பூத்துப் போச்சு. கடல் காத்துதான் காரணமா?

அதேதான். உப்புக் காற்று செம்பைத் தின்றுவிடும். போர்டை டேங்க் பக்கத்தில் வைக்காமல் வீட்டுக்குள் வைத்து, சென்சார் வயரை மட்டும் வெளியே விடுங்கள். முடியாது என்றால் ரப்பர் வளையம் வைத்த பெட்டி, வயர் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கேபிள் கிளாண்ட், ஓட்டை கீழ்ப்பக்கமாக. போர்டின் மேல் ஈரம் படாமல் காக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்ப்ரே அடியுங்கள், யு.எஸ்.பி. வாயில் மட்டும் படக் கூடாது. பின்களைச் செருகி விடாமல் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். கடலோரத்தில் முதலில் கைவிடுவது செருகிய இணைப்புதான்.

குலசேகரத்திலிருந்து: எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு. சக்கரம் சிக்கிக்கொள்கிறது.

சென்சாருக்கு முன்னால் ஒரு ஒய்-ஸ்ட்ரெய்னர் (குழாய் வடிகட்டி) போடுங்கள், மாதம் ஒரு முறை திறந்து கழுவுங்கள். அதைவிட முக்கியம், சென்சாரின் இரண்டு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) வைப்பது. ஒட்டிவிட்டால் ஒவ்வொரு தடவையும் குழாயை அறுக்க வேண்டிவரும். பழைய ஜி.ஐ. (இரும்பு) குழாய் இருந்தால் துருத்தூளைச் சக்கரத்தின் காந்தமே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வீட்டில் ஃப்ளோ சென்சாரை விட்டுவிட்டு டேங்க் மட்டத்தை மட்டும் அளப்பது நல்லது.

கன்னியாகுமரியிலிருந்து: டேங்க் மூடியில் அல்ட்ராசோனிக் சென்சார். மோட்டார் போடாமலே மத்தியானம் தண்ணீர் ஏறுகிறது, ராத்திரி இறங்குகிறது. டேங்க் ஒழுகுதா?

நல்ல கேள்வி. நானும் இதில் ஒரு வாரம் தூக்கம் கெட்டேன்.

அந்த சென்சார் ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர். சூடு ஒரு டிகிரி ஏறினால் வேகம் 0.6 மீட்டர் கூடும். நம் கறுப்பு டேங்கின் உள்ளே விடியற்காலை 25 டிகிரி என்றால் மத்தியானம் 40 எளிதில் வரும். பதினைந்து டிகிரிக்கு 9 மீட்டர், அதாவது இரண்டரை சதவீதத்துக்கு மேல். ஒலி சீக்கிரம் திரும்பிவிடுவதால் தண்ணீர் பக்கத்தில் வந்துவிட்டதாக சென்சார் நினைக்கிறது. தண்ணீர் ஒரு மீட்டர் கீழே இருந்தால் இரண்டரை செ.மீ. ஏறியது போலக் காட்டும். ஆயிரம் லிட்டர் டேங்கில் அது 25 லிட்டர். பொழுது சாய்ந்து குளிரும்போது அதே 25 லிட்டர் 'ஒழுகும்'.

டேங்கில் ஒரு டி.எஸ்.18பி20 வெப்ப சென்சாரைத் தொங்கவிட்டு, அந்த அளவை வைத்துத் தூரத்தைத் திருத்துங்கள். அவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்றால் ராத்திரி இரண்டிலிருந்து நாலு மணி வரை உள்ள அளவை மட்டும் நம்புங்கள். அந்த நேரத்தில் சூடு பெரிதாக மாறாது.

இன்னொன்று. திறந்த கண் உள்ள எச்.சி.-எஸ்.ஆர்.04 அல்ட்ராசோனிக் சென்சார் டேங்க் ஆவியில் சீக்கிரம் வீணாகும். நீர் புகாத ஜே.எஸ்.என். வகை வாங்குங்கள். ஆனால் அதற்கு 20 செ.மீ.க்குக் கிட்டே கண் தெரியாது, டேங்க் நிரம்பும்போது தப்பாகக் காட்டும். மூடிக்கு மேலே அகலமான குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்தி அதன் தலையில் சென்சாரை வையுங்கள்.

லேசர் சென்சார் இன்னும் துல்லியம் என்கிறார்களே?

தெளிந்த தண்ணீரில் ஒளி உள்ளே போய்விடும். வேண்டாம்.

தோவாளையிலிருந்து: டேங்க் நிரம்பினால் மோட்டார் தானாக நிற்க ரிலே போடலாமா?

சின்ன நீல ரிலேயில் (போர்டு இயக்கும் சுவிட்ச்) மோட்டாரை நேரடியாக மாட்டாதீர்கள். ஒரு எச்.பி. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரன்ட் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு. ரிலேயின் முனை ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. ரிலே ஒரு கான்டாக்டரை (பெரிய கரன்டைத் தாங்கும் சுவிட்ச்) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கூடவே ஒரு சாதாரண மிதவை சுவிட்ச் கட்டாயம். வைஃபை போனாலும் அது நிறுத்தும்.

துபாயிலிருந்து: அம்மா கருங்கலில் தனியாக இருக்கிறார். தண்ணீர் ஓடுவதை வைத்து அவர் எழுந்துவிட்டாரா என்று பார்க்க முடியுமா?

முடியும், தம்பி. காலை நாலு மணிக்குப் பிறகு முதல் தண்ணீர் எப்போது ஓடியது என்று பார்த்து, எட்டு மணி வரை ஓடவில்லை என்றால் உங்கள் போனுக்குச் செய்தி வரும்படி வைக்கலாம். ஆனால் அம்மாவிடம் சொல்லிக் கேட்ட பிறகு வையுங்கள். குளியலறைக் குழாயை மகன் தூரத்திலிருந்து பார்க்கிறான் என்பது அவருக்குப் பின்னால் தெரிந்தால் மனசு வருத்தப்படும். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். பக்கத்து வீட்டில் யாரிடமாவது சாவியும் கொடுத்து வையுங்கள். செய்தி வந்த பிறகு கதவைத் திறக்க ஆள் வேண்டும் அல்லவா? கரன்ட் போனாலும் செய்தி வராது, அதையும் நினைவில் வையுங்கள்.

வடசேரியிலிருந்து: மாடியில் வாடகைக்குக் குடும்பம். டேங்க் ஒன்று. யார் அதிகம் செலவழிக்கிறார்கள் என்று நிரூபிக்க வேண்டும்.

இரண்டு குழாயிலும் ஒரே மாதிரி சென்சார், ஒரே கேனில் அளந்தது, இரண்டு வீட்டுக்கும் தெரியும் திரை. இப்படிச் செய்தால் நியாயம். அவர்கள் குழாயில் மட்டும் ரகசியமாக மாட்டுவதாக இருந்தால் நான் உதவ மாட்டேன். நூற்றுக்கு மூன்று நாலு தப்பும் கருவியை வைத்து வாடகைச் சண்டை போடவும் கூடாது. ராத்திரிக் கோட்டை முதலில் பாருங்கள், ஒழுகுவது உங்கள் ஃப்ளஷாகவும் இருக்கலாம்.

ஒரு ஆளுக்கு எத்தனை லிட்டர் சரி?

நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களுக்கு மத்திய அரசு வழிகாட்டி வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களுக்கு 55. வாஷர் மாற்றிய பிறகு எங்கள் வீட்டில் 112 வருகிறது.

பூதப்பாண்டியிலிருந்து: நான் பதினொன்றாம் வகுப்பு. சென்சார் வாங்க இப்போது காசு இல்லை. எப்படித் தொடங்குவது?

மக்கா, காசே வேண்டாம். டேங்கைச் சுற்றி ஒரு நூல் பிடித்து அளந்துகொள். எங்கள் டேங்குக்கு 345 செ.மீ. வந்தது. அதை 3.14ஆல் வகுத்தால் விட்டம் 110, ஆரம் 55. 3.14 × 55 × 55 போட்டு ஆயிரத்தால் வகுத்தால் 9.5, ஒரு செ.மீ.க்கு அத்தனை லிட்டர். அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லி, அவர்களையும் மாடிக்குக் கூட்டிக்கொள். எல்லோரும் படுக்கப் போகும்போது நீளமான, சுத்தமான ஒரு கம்பைத் தரை தொடும்வரை டேங்கில் விட்டு, நனைந்த இடத்தில் கோடு போடு. காலையில் மோட்டார் போடும் முன், யாரும் பல் தேய்க்கும் முன் மறுபடி விட்டுப் பார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் எத்தனை செ.மீ. என்று எனக்கு எழுது. ராத்திரி யாராவது எழுந்து போனார்களா என்பதையும் சேர்த்து எழுது.