ஷிஃப்ட் கிட் போட்டால் கியர்பாக்ஸ் உறுதியாகுமா?

கேள்வி: என்னிடம் 1989ஆம் ஆண்டுத் தயாரிப்பான செவ்ரோலே பிக்கப் வண்டி இருக்கிறது. 5.7 லிட்டர் வி8 இன்ஜின், 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். படகு டிரெய்லரை இழுக்கும்போது முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறுவது இழுபறியாக இருக்கிறது. மூன்றாவது விழும்போது இன்ஜின் ஒரு கணம் வெறுமனே உறுமுகிறது. ஷிஃப்ட் கிட் பொருத்தச் சொல்கிறார்கள். அப்படி அழுத்தமாக மாறினால் கியர்பாக்ஸ் உடைந்துவிடாதா? (ஒரு வாசகர், ஹூஸ்டன்)

பதில்: கியர் மாறுவது நமக்குத் தெரியாமல் இருந்தால் கியர்பாக்ஸ் நலமாக இருக்கிறது என்றும், முதுகில் ஒரு தள்ளு தெரிந்தால் அதற்குக் கேடு என்றும் பலர் நம்புகிறார்கள். பாரம் இழுக்கும் வண்டியில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானதே உண்மை. 700ஆர்4-க்குள் எண்ணெயில் ஊறிய கிளட்ச் தட்டுகளும் ஒரு பட்டையும் இருக்கின்றன. எண்ணெய் அழுத்தம் அவற்றை நெருக்கத் தொடங்குவதற்கும் அவை முழுமையாகப் பிடித்துக்கொள்வதற்கும் இடைப்பட்ட நேரத்தில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. தேய்மானமும் சூடும் அந்த நேரத்தில்தான் உண்டாகின்றன. கிணற்றுக் கயிற்றை இறுகப் பிடித்தால் கை தாங்கும், நழுவவிட்டால்தான் உள்ளங்கை எரியும் அல்லவா?

பயணிக்குக் குலுக்கல் தெரியக்கூடாது என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் இந்த நேரத்தை வேண்டுமென்றே சற்று நீட்டி வைக்கிறார்கள். எண்ணெயை அந்தந்தக் கியருக்குத் திருப்பிவிடும் வால்வுகள் அடங்கிய வால்வ் பாடியை ஒட்டியுள்ள பிரிப்புத் தகட்டில் எண்ணெய் செல்லும் துளைகளைச் சிறிதாக வைப்பது ஒரு வழி. ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்த அக்யுமுலேட்டர் பிஸ்டன் எண்ணெயில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு அழுத்தத்தை மெல்ல ஏறவிடுவது மற்றொரு வழி. வெறும் வண்டிக்கு இது சரி. பின்னால் படகு ஏறியதும் அதே உரசல் பல மடங்கு சூட்டைக் கிளப்புகிறது. ஷிஃப்ட் கிட் என்பது வேறொன்றுமில்லை: துளைகளை அளவாகப் பெரிதாக்கி, ஸ்பிரிங்குகளையும் சில வால்வுகளையும் மாற்றி, உரசும் நேரத்தைக் குறைப்பதுதான். இந்தப் பெயரே கலிபோர்னியாவில் கில் யங்கர் நிறுவிய டிரான்ஸ்கோ நிறுவனத்தின் வணிகப் பெயர். இன்று எல்லா நிறுவனங்களின் பொருளுக்கும் மக்கள் அதையே சொல்கிறார்கள்.

ஆனால் கிட் வாங்குவதற்கு முன், தயவுசெய்து டிவி கேபிளை, அதாவது த்ராட்டில் வால்வ் கேபிளைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதை இந்தக் கியர்பாக்ஸுக்குச் சொல்வது, இன்ஜினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியிலிருந்து வால்வ் பாடிக்குச் செல்லும் அந்த ஒற்றைக் கம்பிதான். அது தளர்ந்திருந்தால், இன்ஜின் முழு இழுவையில் இருக்கும்போதும் உள்ளே எண்ணெய் அழுத்தம் தாழ்ந்தே நிற்கும். அதற்கு முதலில் பலியாவது மூன்றாவது, நான்காவது கியர்களுக்குப் பொதுவான கிளட்ச் அடுக்கு. நீங்கள் சொல்லும் உறுமல் அங்கிருந்து வருவதாகவே தோன்றுகிறது. கார்புரேட்டரை மாற்றியவர்கள் கேபிளின் இழுப்புக் கோணத்தைச் சரிசெய்யாமல் விட்டு, புதிதாகக் கட்டிய கியர்பாக்ஸையே எரித்துவிடுவது அமெரிக்காவில் இன்றும் நடக்கிறது. நினைத்தாலே மனம் நோகிறது, ஏனெனில் சரிசெய்யக் காசு செலவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, கேபிள் உறையில் உள்ள பொத்தானை அழுத்தி, நகரும் பகுதியைத் த்ராட்டிலுக்கு எதிர்த்திசையில் முழுவதும் தள்ளிவிட்டுப் பொத்தானை விடுங்கள். பிறகு த்ராட்டிலை ஒருமுறை கடைசி வரை திறந்தால் கேபிள் தானே அளவுக்கு வந்து நிற்கும். அதன் பின் மெக்கானிக்கிடம் கொடுத்து அழுத்த அளவியைப் பொருத்தி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து கியர்பாக்ஸின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை படிந்திருப்பது இயல்பு. கரித்தூள் போன்ற துகள்களும் கருகிய வாடையும் இருந்தால் கிளட்ச் ஏற்கெனவே எரிந்துவிட்டது என்று பொருள். எந்தக் கிட்டும் தேய்ந்த கிளட்ச் தட்டுக்கு அதன் உராய்வுப் பூச்சைத் திருப்பித் தராது. அந்த நிலையில் முழுமையாகப் பிரித்துக் கட்டுவதே வழி.

எண்ணெய் நன்றாக இருந்தால், கிட்டுடன் கார்வெட் சர்வோ என்று அழைக்கப்படும் பெரிய பிஸ்டனையும் போடுங்கள். இரண்டாவது கியரைப் பிடிக்கும் பட்டையை இறுக்குவது அந்தப் பிஸ்டன்தான். பரப்பு கூடினால் அதே அழுத்தத்தில் பிடிப்பு கூடும். கியர்பாக்ஸை இறக்காமல் பக்கவாட்டிலிருந்தே மாற்றலாம். கூடுதலாக ஓர் ஆயில் கூலர் அவசியம். படகை இழுக்கும்போது ஓவர்டிரைவ் எனப்படும் நான்காவது கியரைத் தவிர்த்து மூன்றாவது கியரிலேயே ஓட்டுங்கள்.

உடையுமா என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. பந்தய அளவுக்குக் கடுமையாக அமைத்தால் உள்ளே சன் ஷெல் என்ற பாகம் விரிசல் கண்டு உடைவதுண்டு. அது போனால் இரண்டாவது, நான்காவது, ரிவர்ஸ் மூன்றும் சேர்ந்து போகும். ஆகவே கிட்டில் உள்ள அமைப்புகளில் பாரம் இழுப்பதற்கானதைத் தேர்ந்தெடுங்கள். பந்தயத்துக்கானது உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: இந்த வேலையை வீட்டிலேயே நானே செய்யலாமா? (அதே வாசகர்)

பதில்: பொறுமையும் சுத்தமான மேசையும் இருந்தால் செய்யலாம். வால்வ் பாடியை இறக்கும்போது சிறு உருண்டைகள் கீழே விழும். எது எங்கே இருந்தது என்பதை முன்கூட்டியே கிட்டின் வரைபடத்தில் பார்த்துவைத்து, திரும்ப ஏற்றும்போது வாசலின் தடவி ஒட்டவைக்க வேண்டும். துளையிட, கிட்டில் வரும் பிட்டை மட்டும் பயன்படுத்துங்கள். பெரிதாகிவிட்ட துளையைச் சிறிதாக்க முடியாது, புதுத் தகடுதான் வாங்க வேண்டும். துளையோரப் பிசிறுகளை முற்றிலும் நீக்குங்கள். ஒரு பிசிறு போதும், வால்வு சிக்கிக்கொள்ளும். வால்வ் பாடி போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு சுமார் 11 நியூட்டன் மீட்டர் அளவுக்கே முறுக்குங்கள். கைக்கணக்கில் இறுக்கினால் அலுமினியம் வளைந்து வால்வுகள் ஓடாமல் போகும்.

கேள்வி: என் ஏஎம்டி காரில் கியர் மாறும்போது தலை முன்னால் சாய்கிறது. இதற்கும் ஷிஃப்ட் கிட் உண்டா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: இல்லை. ஏஎம்டி என்பது கிளட்ச்சையும் கியரையும் நமக்குப் பதிலாக இயந்திரக் கருவிகள் இயக்கும் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். மேலே சொன்ன வால்வ் பாடி, அக்யுமுலேட்டர், பட்டை எதுவும் அதில் கிடையாது. கியர் மாறும்போது இழுவை ஒரு கணம் அறுந்து திரும்புவதால்தான் தலை சாய்கிறது. மாறும் தறுவாயில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்தினால் பெருமளவு குறையும். முன்பு இல்லாத சாய்வு இப்போது வந்திருந்தால், சர்வீஸ் மையத்தில் கிளட்ச்சின் தேய்மானத்தைப் பார்த்து, அதன் பிடிப்புப் புள்ளியைக் கணினி மூலம் மறுபடி பதியச் சொல்லுங்கள்.