நியூக்ளியர் ஹார்ட் ஸ்கேனை மறுபடி எடுத்தால் முடிவு மாறுகிறதே, எதை நம்புவது?

அப்பாவுக்குப் போன முறை "லேசான குறை", இந்த முறை "சற்றுக் கூடியிருக்கிறது" என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, நோய் முற்றிவிட்டதா, இல்லை மெஷின் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம்.

நான் டாக்டர் இல்லை. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் க்யூசி, அதாவது தரப் பரிசோதனை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்ணீர்மலைக் கோவிலின் 513 படியில் பாதியைத் தாண்டும் முன்பே மார்பு இறுக்கியதில் தொடங்கி, இதயத் தசையில் எங்கே ரத்தம் குறைவாகப் போகிறது என்று காட்டும் இந்த ஸ்கேனை மூன்று முறை எடுத்திருக்கிறேன். ரத்தம் குறைவாகப் போகும் பகுதி முதலில் 9%, இரண்டு வருஷம் கழித்து 4%, அதற்கப்புறம் 7%. நான்கு என்று கேட்ட அன்று வீட்டில் எல்லோருக்கும் நாசி கண்டார் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். ஏழு என்றதும் இரண்டு இரவு தூக்கமில்லை. இரண்டுமே வீண் என்று பிறகுதான் புரிந்தது.

க்யூசியில் எங்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம் இதுதான்: ஒரே பாகத்தை ஒரே ஆள் ஒரே கருவியால் பத்து முறை அளந்தாலும் பத்தும் ஒரே எண்ணாக வராது. அந்த ஆட்டம் எவ்வளவு என்று தெரியாமல் பாகம் மாறிவிட்டது என்று சொல்லக்கூடாது. கேஜ் ஆர் அண்ட் ஆர் என்போம். இதய ஸ்கேனுக்கும் அப்படி ஓர் ஆட்டம் உண்டு.

அந்தச் சதவீதம் எப்படி வருகிறது என்று பாருங்கள். இதயத்தின் இடது கீழறையை 17 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 (ரத்தம் சரியாகப் போகிறது) முதல் 4 (அறவே தெரியவில்லை) வரை மதிப்பெண் போடுகிறார்கள். மொத்தம் 68. உழைப்பின்போது எடுத்த படத்தின் மதிப்பெண்ணிலிருந்து ஓய்வில் எடுத்ததைக் கழித்து, 68-ஆல் வகுக்கிறார்கள். அதாவது ஒரு மதிப்பெண் ஏறத்தாழ ஒன்றரைச் சதவீதம். என் 9-க்கும் 4-க்கும் நடுவே இருந்தது வெறும் மூன்று மதிப்பெண். மங்கலான மூன்று பகுதிகளுக்கு ஒருவர் 2 போட்ட இடத்தில் இன்னொருவர் 1 போட்டால் கதை முடிந்தது.

இதயக் குழாய் அடைப்புக்கு மாத்திரை மட்டும் போதுமா, ஸ்டென்டும் வேண்டுமா என்று பார்த்த கரேஜ் ஆய்வின், 2008-இல் வெளியான ஸ்கேன் பகுதியில் 314 பேருக்குச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்தார்கள். 5 சதவீதப் புள்ளியாவது குறைந்திருந்தால்தான் அதைக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டார்கள். ட்ரெட்மில்லில் நடப்பதற்குப் பதிலாக ஊசியில் போடும் ரெகாடினோசன் மருந்துக்கான சோதனைகளில் ஒரு பிரிவினருக்கு இரண்டு முறையும் அதே வகையிலான பழைய மருந்தான அடினோசினைக் கொடுத்தே படம் எடுத்தார்கள், சில வார இடைவெளியில். பாதிக்கப்பட்ட பகுதிகள் 0–1, 2–4, 5-உம் அதற்கு மேலும் என்று மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்ததில், இரண்டு முறையும் ஒரே வகையில் விழுந்தது சராசரியாகச் சுமார் 60%தான். அதே ஆள், அதே மருந்து!

இது படம் எடுப்பதிலும் படிப்பதிலும் வரும் ஆட்டம். நாமே கொண்டுவரும் ஆட்டமும் உண்டு. இரண்டாவது ஸ்கேன் அன்று வழக்கம்போல மெட்டோப்ரோலோல் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போனேன். அது நாடியை அடக்கி வைக்கும் மருந்து. அப்போது எனக்கு 58 வயது. 220-இல் 58 போனால் 162, அதில் 85% என்றால் 138 வரவேண்டும். ட்ரெட்மில்லில் 121-க்கு மேல் ஏறவில்லை. இதயம் போதுமான அளவு உழைக்காதபோது குறையும் குறைவாகத்தான் தெரியும். என் 4% அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

அதனால் மூன்றாவது முறை ட்ரெட்மில்லுக்குப் பதில் ஊசி மருந்து கொடுத்தார்கள். "அங்கிள், காலையில தே குடிச்சீங்களா?" என்று ஸ்கேன் எடுக்கும் பெண் மூன்று தடவை கேட்டார். காபி, தேநீரில் உள்ள கஃபீன் அந்த மருந்து வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடுமாம். மைலோவும் கூடாது. ஒட்டுக்கடையில் தே ஓ கொசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) குடித்துவிட்டு "சீனி இல்லையே" என்று சொல்லித் தப்ப முடியாது. (மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைத் திடீரென்று விடுவது ஆபத்து, டாக்டர் சொன்னால் மட்டும்.)

உடம்புவாகும் சேரும். ஆண்களுக்கு உதரவிதானம் இதயத்தின் கீழ்ச்சுவரையும், பெண்களுக்கு மார்பகம் முன்சுவரையும் மறைத்து, இல்லாத குறையைக் காட்டும். குப்புறப் படுக்க வைத்து மறுபடி படம் எடுத்தால் கீழ்ச்சுவர் நிழல் பல சமயம் மறைந்துவிடும்.

ஒன்றில் மட்டும் நான் அலட்சியமாக இருக்க மாட்டேன். இந்த ஸ்கேன் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிடுவது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மூன்று குழாயும் ஒரே அளவுக்கு அடைத்திருந்தால் எல்லாம் சமமாகத் தெரிந்து "நார்மல்" என்றே வரலாம். ஆகவே அப்பாவுக்கு மார்பு இறுக்கமோ மூச்சு வாங்குவதோ கூடியிருந்தால், ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தாலும் உடனே போய்ச் சொல்லுங்கள்.

அப்படி இல்லையென்றால், இரண்டு ரிப்போர்ட்டையும் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். இரண்டு தடவை எடுத்த படங்களையும் சிடியில் வாங்கி, ஒரே டாக்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ட்ரெட்மில்லா ஊசியா, நாடி எவ்வளவு ஏறியது, அன்று என்ன மாத்திரை போட்டிருந்தார், இதையும் கேளுங்கள். என் மூன்று படங்களையும் அப்படிப் பார்த்த டாக்டர் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்றார்.

போன மாதம் நான்காவது ஸ்கேன் எடுக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். "தண்ணீர்மலை ஏறினால் இப்போதும் இறுக்குகிறதா?" என்றார். இல்லை, உச்சிவரை போய்விடுகிறேன் என்றேன். "அப்புறம் எதற்கு?" என்று மாத்திரைச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்.