ஆட்டோகிராஸ் ஓட்ட எந்த பிரேக் பேட் வாங்குவது?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். அமெரிக்கா வந்து ஒரு வருடம் ஆகிறது, பழைய செடான் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், அலுவலக நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டோகிராஸுக்கு, அதாவது மைதானத்தில் கோன் வைத்த பாதையில் ஒவ்வொரு காராக நேரம் எடுத்து ஓட்டும் போட்டிக்கு, கூப்பிடுகிறார்கள். அதில் ஒருவர் "ரேஸ் பேட் போடாமல் வராதே" என்று சொல்லிவிட்டார். அதே காரில்தான் திங்கட்கிழமை வேலைக்கும் போக வேண்டும், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரேஸ் பேட் வாங்காதீர்கள். நான் வாங்கினேன், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

எனக்கும் அப்போது ஒருவர் இதே யோசனையைத்தான் சொன்னார். நல்ல மனிதர், ரேஸ் ட்ராக்கில் ஓட்டுபவர். அவர் காட்டிய பேடின் பெட்டியில் எத்தனை டிகிரி சூடு தாங்கும் என்று பெரிய எண்ணாகப் போட்டிருந்தது. எண் பெரிதென்றால் பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும் என்று நம்பிவிட்டேன். நவம்பரில், அந்த சீசனின் கடைசி நாள். வரிசையில் நின்று நின்று, பச்சைக்கொடி காட்டியதும் கிளம்பி, முதல் பெரிய வளைவுக்கு முன் பெடலை அழுத்தினேன். பெடல் கல் மாதிரி இருந்தது. கார் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. மூன்று கோன் விழுந்தது. ஒரு கோனுக்கு 2 விநாடி அபராதம், ஆக 6 விநாடி.

அது போகட்டும், கோன்தானே. அடுத்த வாரம் ஒரு காலை, கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டுக் கிளம்பினேன். நெடுஞ்சாலையில் ஏறவே இல்லை, தெருமுனை சிக்னல்தான். வழக்கம்போல் காலை வைத்தேன், வழக்கம்போல் நிற்கவில்லை. இரண்டு காலையும் வைத்து மிதித்து, வெள்ளைக்கோட்டைத் தாண்டி, மக்கள் கடக்கும் இடத்தில் பாதி ஏறி நின்றது. ஓரத்தில் ஒரு பெண்மணி நாயைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலைச் சாலையில் வைத்திருந்தார். அவர் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அன்று மாலையே பேடைக் கழற்றிவிட்டேன்.

என்ன நடந்தது என்றால், அந்த வகை பேட் சூடேறிய பிறகுதான் வேலை செய்யும். அதற்கென்றே செய்தது. ட்ராக்கில் 120 மைல் வேகத்தில் வந்து 50க்குக் குறைக்கிறார்கள். ஆட்டோகிராஸில் 50இல் இருந்து 25க்குக் குறைப்போம், அவ்வளவுதான். சூடாக மாறும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, கணக்குப் போட்டுப் பாருங்கள்: ட்ராக்கில் ஒரு தடவை பிரேக் போட்டால் நம்முடையதைப்போல் 6 மடங்குக்கும் மேல் சூடு. அவர்கள் அதையே ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை, இருபது நிமிடம் விடாமல் செய்கிறார்கள். நம்முடைய ரன் ஒரு நிமிடம் ஓடினால் அதிகம். அதில் அழுத்திப் பிரேக் போடும் இடம் நாலைந்து இருக்கும். அப்புறம் திரும்ப வரிசை, திரும்பக் குளிர்ந்துவிடும். ரேஸ் பேட் விழித்துக்கொள்வதற்குள் ரன் முடிந்துவிடுகிறது. குளிர்ந்த நிலையில் அது, பேட் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டான டிஸ்க்கையும் அரம் மாதிரி தேய்க்கும். என் டிஸ்க் இரண்டில் ஓடிய வரிகள் நகத்தில் தட்டுப்பட்டன.

அதனால் பேட் பார்க்கும்போது "எவ்வளவு சூடு தாங்கும்" என்று கேட்காதீர்கள். "குளிர்ந்திருக்கும்போது எப்படிப் பிடிக்கும்" என்று கேளுங்கள். வேலைக்குப் போகும் காருக்கும் ஆட்டோகிராஸ் காருக்கும் தேவை இங்கே ஒன்றுதான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பேட் போதும் என்பது நமக்குக் கிடைத்த பெரிய வசதி.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்கானிக் பேட் சத்தமில்லாதது, சாதாரணமாக ஓட்டப் போதும், நாலு ரன் தொடர்ந்து போட்டால் தளர்ந்துவிடும். செராமிக் சுத்தமானது, வீலில் கரி படியாது, ஆனால் பெரும்பாலானவற்றில் முதல் பிடி மெத்தென்று இருக்கும். செமி மெட்டாலிக் கொஞ்சம் சத்தம் போடும், தூசி கொட்டும், ஆனால் பிடி நன்றாக இருக்கும், சூட்டையும் தாங்கும். உங்களுக்கு நான் சொல்வது, தெருவுக்கென்று செய்த, கொஞ்சம் கூர்மையான செமி மெட்டாலிக். கடைகளில் "பெர்ஃபார்மன்ஸ் ஸ்ட்ரீட்" என்று போட்டிருப்பார்கள். அதற்கு ஒரு படி மேலே, ஹாக் நிறுவனத்தின் எச்பி பிளஸ் மாதிரி, ஆட்டோகிராஸ் பெயரைச் சொல்லியே விற்பவையும் உண்டு. அந்த ரகம் தினமும் ஓட்டும்போது கிறீச்சிடும். அதற்கு இரண்டாம் வருடம் போனால் போதும்.

பேடின் விளிம்பிலோ முதுகுத் தகட்டிலோ நீளமாக எழுத்தும் எண்ணும் அச்சிட்டிருக்கும். அதன் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து வரும்: இஇ (EE), இஎஃப் (EF), எஃப்எஃப் (FF), ஜிஜி (GG) என்று. முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது நல்ல சூட்டில் எவ்வளவு. இ என்றால் 0.25இலிருந்து 0.35, எஃப் என்றால் 0.35இலிருந்து 0.45, ஜி என்றால் 0.45இலிருந்து 0.55. முதல் எழுத்து எஃப் என்று இருப்பதைப் பாருங்கள். ஆனால் அதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சோதனையில் "சாதாரண சூடு" என்பதே 93 முதல் 204 டிகிரி செல்சியஸ் வரை. பனிக்காலத்துக் காலையின் முதல் சிக்னலைப் பற்றி அந்த எழுத்து ஒன்றும் சொல்லாது. அதே காரை வைத்திருப்பவர்களிடம் கேட்டால்தான் தெரியும், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவர்கள் இருப்பார்கள்.

பெட்டியின் மேல் மூன்று இலையும் 'என்' (N) என்ற எழுத்தும் பார்த்தால் குழம்ப வேண்டாம், அது பிடியைப் பற்றியதல்ல. செம்பு 0.5 சதவீதத்துக்கும் குறைவு என்று அர்த்தம். பேடில் இருந்து உதிரும் செம்பு மழையோடு ஆற்றுக்குப் போய் சால்மன் மீனைக் கெடுக்கிறது என்று கலிபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2010இல் சட்டம் போட்டதால் வந்த குறி அது.

பிடி எவ்வளவு முக்கியமோ, விடுவதும் அவ்வளவு முக்கியம். இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்புவோம். கால் விரலைத் தளர்த்தும் அளவுக்குப் பிரேக்கும் தளர வேண்டும். சில பேட் தொட்டதும் கவ்வும், ஆனால் விட மாட்டேன் என்று ஒட்டிக்கொள்ளும். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் அப்படிப்பட்ட பேடைப் போட்டுவிட்டு, மேடுபள்ளமான தார்த் தரையில் பட்டென்று மிதித்தால், ஏபிஎஸ் சக்கரம் வழுக்குகிறது என்று நினைத்து அழுத்தத்தைக் குறைத்துவிடும். பெடல் இறுகி, கார் நழுவிப் போகும். கால் மெதுவாகப் பழகும்வரை சீரான பேடுதான் நல்லது.

முன்னால் மட்டும் கூர்மையான பேட் போடலாமா என்று பலர் கேட்பார்கள். போடலாம். பின்னால் மட்டும் போடக் கூடாது. பிரேக் போடும்போது எடை முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகும், அங்கே பிடி கூடினால் வால் சுற்றிக்கொண்டு வரும். முடிந்தால் நாலு சக்கரத்துக்கும் ஒரே ரகம் போட்டுவிடுங்கள்.

விதியைப் பற்றிக் கவலை வேண்டாம். 1944இல் தொடங்கிய எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) சங்கம் ஆட்டோகிராஸை 'சோலோ' என்ற பெயரில் நடத்துகிறது. அதில் அதிகம் மாற்றாத கார்கள் ஓடும் ஸ்ட்ரீட் பிரிவிலேயே பேடை இஷ்டம்போல் மாற்ற அனுமதி உண்டு. நீங்கள் போவது வேறு கிளப் நடத்துவது என்றால் அவர்கள் விதியை ஒரு தடவை பாருங்கள். காலையில் காரைச் சோதிப்பவர் பெடலை அழுத்திப் பார்ப்பார், ஆயில் கசிகிறதா என்று பார்ப்பார். இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் நேரம் எடுத்து ஓட்டும் போட்டிகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் போகும் முன்பே படியுங்கள்.

பழைய கார் என்று சொன்னீர்கள். அப்படியானால் பேடைவிட பிரேக் ஆயிலை முதலில் மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். நண்பரும் நீங்களும் ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டினால் இது இன்னும் முக்கியம், அப்போதுதான் பிரேக் உண்மையாகவே சூடாகும். டாட் 5 என்று தனியாக இருப்பது சிலிக்கான், அதை ஊற்றிவிடாதீர்கள், டாட் 5.1 வேறு, அது ஊற்றலாம்.

புதிய பேடைப் போட்டதும் நேரே போட்டிக்குப் போகக் கூடாது, பழக்க வேண்டும். ஆளில்லாத சாலையில், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்து, 60 மைலில் இருந்து 10 மைலுக்கு அழுத்திக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். எட்டு, பத்துத் தடவை. ஒரு கருகல் வாசனை வரும், பயப்படாதீர்கள். அப்புறம் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேடின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க்கில் சீராகப் படிவதற்காகத்தான் இதெல்லாம். சூடாக இருக்கும்போது காலை வைத்து அழுத்திக்கொண்டே நின்றால் படலம் ஒரே இடத்தில் திட்டாக ஒட்டி, பிறகு பெடல் உதறும். ரன் முடிந்து வந்து நிறுத்தும்போதும் அப்படித்தான்: கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக் போடாதீர்கள்.

நீங்களே மாற்றுவதாக இருந்தால் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள், பல அபார்ட்மென்ட்களில் பார்க்கிங்கில் ரிப்பேர் செய்ய விட மாட்டார்கள். நண்பர் வீட்டு கராஜ் நல்லது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிபரின் பிஸ்டனை உள்ளே தள்ளிப் புது பேடைப் போட்டிருப்பீர்கள். அதனால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும், பிரேக்கே இருக்காது. கார் நின்ற இடத்திலேயே, பெடல் கெட்டியாகும்வரை பல தடவை மிதியுங்கள். அதற்கு முன் ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது.

இப்போது காரில் இருக்கும் பேடில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள், முன்னால் பின்னால் இரண்டும். எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். நல்ல தடிமன் இருந்து, ஆயிலும் புதிதென்றால், முதல் ஞாயிற்றுக்கிழமை எதையும் மாற்றாமல் அப்படியே போய்விட்டு வரலாம்.