ராணுவப் பொறியியல் பிரிவினர் போரில் சண்டை போடுவார்களா, பின்னால் நின்று பாலம் கட்டுவதோடு சரியா?

வீட்டில் யாரோ அந்தப் பிரிவில் சேரப் போகிறார், உங்களுக்கு மனசில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நான் பட்டாளத்துக்காரன் அல்ல, சுரங்கப்பாதை வேலையில் இருப்பவன். அதனால்தான் "பின்னால் நின்று" என்ற சொல் சுருக்கென்று தைத்தது.

முதல் உலகப் போரில் முதலாவது ஆஸ்திரேலியச் சுரங்கக் கம்பெனியைப் பாருங்கள்; கம்பெனி என்றால் வியாபாரம் இல்லை, சுரங்கம் தோண்டும் ராணுவப் பொறியியல் படைப்பிரிவு. 1916 நவம்பரில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்குப் பக்கத்தில் ஹில் 60-க்கு வந்தார்கள். பெயர்தான் மலை, ரயில் பாதைக்காக வெட்டிய மண்ணைக் கொட்டிய மேடு அது. மேலே ஜெர்மானியர். கீழே இரண்டு அறைகளில் சுமார் 55 டன் வெடிமருந்து. தோண்ட ஆரம்பித்தது பிரிட்டிஷார், மருந்தை நிரப்பியது கனடாக்காரர்கள்; இதைச் சொல்லிக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நானே சொல்லிவிட்டேன். அதை ஏழு மாதம் கட்டிக் காத்ததுதான் ஆஸ்திரேலியர்கள் செய்த போர்.

நீர் ஊறும் மண்ணில் மருந்து நனையக் கூடாது. வெடிக்க வைக்கும் மின்கம்பி எங்காவது அறுந்திருக்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்திலேயே எதிரியும் தோண்டுகிறான். மண்ணுக்குள் வரும் சத்தத்தைக் கேட்கும் ஜியோஃபோன் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு அவன் எந்தப் பக்கம், எவ்வளவு கிட்டத்தில் என்று கணிக்க வேண்டும். ஆழத்து நீலக் களிமண் வெளியே கிடந்தால் விமானத்தில் வருபவன் பார்த்துவிடுவான் என்று, அதைச் சாக்கில் கட்டி மறைத்து வைத்தார்கள். 1917 ஜூன் 7, அதிகாலை 3.10-க்கு கேப்டன் ஆலிவர் உட்வர்ட் சுவிட்சைப் போட்டார். அந்தப் பக்கத்து மெசீன் முகட்டில் ஜெர்மானியருக்கு அடியில் அன்று வெடித்த 19 சுரங்க வெடிகளில் இவை இரண்டு. இறந்தவர்களின் எண்ணிக்கையில் சர்ச்சை உண்டு. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலை விஷயமாக பிரஸ்ஸல்ஸ் போனபோது ரயிலேறி அங்கே போனேன். கம்பெனியின் நினைவுச் சின்னத்தில் தோட்டா துளைத்த தழும்புகள், இரண்டாம் உலகப் போரில் பட்டவை. ஒன்றில் விரலை வைத்துப் பார்த்தேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு வெடிப்புப் பள்ளம் இப்போது குளமாக நிற்கிறது. நான் தினமும் பார்க்கிற வேலைதான் அது: தண்ணீர், காற்று, மண்ணின் சத்தம். எங்கள் சைட்டில் பம்ப் நின்றாலே வயிற்றைக் கலக்கும். அவர்களுக்கு அதோடு கொல்ல வருகிறவனும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தான். இதைப் பின்னால் நிற்பது என்று எந்த வாயால் சொல்வது?

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த நினைவுச் சின்னத்தை முதலில் எழுப்பியவர்கள் கூடப் போரிட்ட சகாக்களேதான். நான் வேலை பார்த்த ஒரு சுரங்கப்பாதையின் திறப்பு விழாவில் கல்வெட்டு முழுக்க விருந்தினர் பெயர். இரவு ஷிப்டில் சேற்றில் நின்றவர்களுக்கு உள்ளே வர பாஸ்கூடக் கிடையாது, தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அதுதான் நடைமுறை" என்றார்கள்.