மாதம் தவறாமல் சளி: பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையா?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. நர்சரியில் சேர்த்ததிலிருந்து மாதாமாதம் சளி பிடிக்கிறது. "பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை, டானிக் வாங்கிக் கொடு" என்கிறார் மாமியார். தட்டம்மை ஒரு முறை வந்தால் மறுபடி வராது என்கிறார்களே, சளி மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பதில்: முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், சகோதரி. இந்த வயதில் வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சகஜம். நர்சரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாகவே வரும்.

புதுக் கிருமி ஒன்று நுழைந்தால், அதற்கென்றே பொருந்துகிற ஆன்டிபாடியை, அதாவது கிருமியைப் பிடித்து முடக்கும் புரதத்தை, வெள்ளையணுக்கள் தயாரிக்க ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகும். நோய் தீர்ந்த பிறகும், அந்தக் கிருமியை அடையாளம் தெரிந்த சில அணுக்கள் சாகாமல் உடலிலேயே தங்கிவிடும். எத்தனை காலம் என்கிறீர்களா? வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் பாரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை பரவியது. அதன்பின் 1846-இல்தான் மறுபடி வந்தது. முன்பு அம்மை கண்டிருந்த முதியவர்கள் ஒருவரையும் அது தொடவில்லை என்று பீட்டர் பானும் என்ற டேனிஷ் மருத்துவர் எழுதிவைத்தார். 65 வருஷ ஞாபகம்!

தட்டம்மைக் கிருமி ஏறக்குறைய ஒரே முகம் கொண்டது. சளி அப்படியல்ல. சளியை அதிகம் உண்டாக்கும் ரைனோவைரஸ் என்ற கிருமியில் மட்டுமே 160 வகைகளுக்கு மேல் உண்டு. போன மாதம் வந்ததும் இந்த மாதம் வந்ததும் வேறு வேறாக இருக்கலாம். உங்கள் மகன் ஒவ்வொன்றையும் இப்போதுதான் முதன்முதலாகச் சந்திக்கிறான். இன்னொன்று: சளியில் மூக்கொழுகுவதும் உடம்பு சுடுவதும் பெரும்பாலும் கிருமியை விரட்ட உடல் எடுக்கும் நடவடிக்கைகள். எதிர்ப்புச் சக்தி இல்லாததன் அடையாளமாக அவற்றை நினைக்காதீர்கள்.

எந்த டானிக்கும் இந்த ஞாபகத்தைக் கொடுக்காது. நோய் வராமலே அதைக் கொடுப்பது தடுப்பூசிதான். அதற்காகத் தட்டம்மையை "வந்து போகட்டும்" என்று விடவே கூடாது. வேறு நோய்களுக்கு எதிராக உடல் சேர்த்துவைத்த ஆன்டிபாடிகளிலும் ஒரு பகுதியை அது அழித்துவிடுகிறது என்று 2019-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தடுப்பூசி அட்டையை எடுத்து, இரண்டு தவணையும் போட்டாயிற்றா என்று இன்றே பாருங்கள்.

ஒரே வருஷத்தில் இரண்டு முறை நிமோனியா, அடிக்கடி காதில் சீழ், ஏறாத எடை, இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும்.