மொட்டைமாடியில் எது விளையும்?

வணக்கம்.

சென்னையில் வாடகை வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரரிடம் கேட்டு, மொட்டைமாடியில் பைகள், தென்னைநார்க் கட்டி, மண்புழு உரம் என்று 7,000 ரூபாய் செலவழித்துத் தோட்டம் போட்டேன். மாசியில் வைத்த தக்காளி சித்திரையில் பூவெல்லாம் கொட்டிவிட்டது. மொத்தமே இரண்டு கிலோ தேறவில்லை. "அந்தக் காசுக்குக் கோயம்பேட்டில் மூட்டையாக வாங்கியிருக்கலாம்" என்கிறார் கணவர். நகரத்தில் உணவு விளைவிப்பதெல்லாம் வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்குதானா?

க., சென்னை

அன்புள்ள க.,

உங்கள் கணவரின் கணக்கு தக்காளிக்குச் சரி. கீரைக்கு அது செல்லாது.

முதலில் தக்காளி. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் தக்காளி பூவை உதிர்த்துவிடும். மொட்டைமாடித் தளம் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கும். ஐப்பசியில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, கார்த்திகைக் கடைசியில் நட்டிருந்தால் மாசியில் பழம் பறித்திருப்பீர்கள். குறை உங்கள் கையில் இல்லை, பருவத்தில்தான்.

ஆனாலும் மாடியிடம் நான் தக்காளியை எதிர்பார்க்க மாட்டேன். வெங்காயமும் உருளையும் லாரியில் நாலு நாள் கிடந்தாலும் கெடாது, அவற்றைக் கடையிலேயே வாங்கலாம். கீரை அப்படியல்ல. விடியற்காலையில் சந்தைக்கு வந்தது மதியத்துக்குள் தலை சாய்ந்துவிடுகிறது. பறித்த அரைமணியில் சட்டிக்குப் போகும் கீரையை எந்தக் கடையும் உங்களுக்குத் தராது.

இருக்கிற பைகளில் இரண்டை முளைக்கீரைக்கு ஒதுக்குங்கள். விதை கடுகைவிடப் பொடி. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு பிடி மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக உரம் போட்டு மூடுங்கள். தண்ணீரை ஊற்றாமல் கையால் தெளியுங்கள். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும், பையைச் சுற்றிச் சாம்பல் போடுங்கள். 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். பத்து நாள் இடைவெளி விட்டு அடுத்த பையில் விதைத்தால் வரிசையாக வந்துகொண்டிருக்கும். அரைக்கீரையைப் பிடுங்காதீர்கள். இரண்டு விரல்கடை விட்டு நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். பொன்னாங்கண்ணிக்கு விதையே வேண்டாம், கடையில் வாங்கிய கட்டில் இருக்கிற தண்டை ஒடித்துச் செருகினால் போதும். கோடையில் இவற்றுக்கும் நிழல்வலை கட்டியாக வேண்டும்.

அப்புறம் உரம். அதை விலைக்கு வாங்கும்வரை கணக்கு உதைக்கும். காய்கறித் தோலை மூடியுள்ள வாளியில் போட்டு, ஒவ்வொரு முறையும் மேலே காய்ந்த சருகைப் போட்டு மூடுங்கள். நாற்றம் வந்தால் சருகு குறைச்சல் என்று அர்த்தம். கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக்கிடங்குகளுக்கு லாரியில் போய் மலையாகக் குவிந்ததில் ஒரு பெரிய பங்கு இப்படி மண்ணாகியிருக்க வேண்டியதுதான். எனக்கு அதை நினைத்தால் ஆறவே மாட்டேன் என்கிறது.

மாடி பாரம் தாங்குமா என்று வீட்டுக்காரர் பயப்பட்டால் அது நியாயம். ஒரு கன அடி ஈரமண் 50 கிலோ வரை வரும். மண்ணைக் குறைத்துத் தென்னைநாரைக் கூட்டுங்கள், பைகளைச் செங்கல் மேல் ஏற்றிச் சுவரோரமாக வையுங்கள். தளத்தில் ஈரம் தேங்கக் கூடாது.

சரி, பெரிய கேள்விக்கு வருவோம். நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் 25 கிலோ அரிசி என்றால் வருஷத்துக்கு 300 கிலோ; அதற்கு 450 கிலோ நெல் வேண்டும். ஏக்கருக்கு 2 டன் விளைந்தாலும் அதற்கு 20 சென்டுக்கு மேல் நிலம் தேவை. 600 சதுர அடி மாடி ஒன்றரை சென்ட்கூட இல்லை. நகரம் தன் சோற்றைத் தானே விளைவிக்காது. காய்கறியை விளைவிக்கும், தரையைக் கொடுத்தால்.

கியூபாவின் தலைநகர் ஹவானாவில் கொடுத்தார்கள். 1991ல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெயும் உரமும் தானியமும் அருகிப்போயின. கிராமத்தில் விளைந்ததை நகரத்துக்குக் கொண்டுவர டீசல் இல்லை. காலிமனைகளில் தொட்டி கட்டி, மக்கிய உரம் நிரப்பிப் பயிரிட்டார்கள். அரசு அந்த நிலத்துக்கு வாடகை வாங்கவில்லை, விளைந்ததைப் பாத்திக்குப் பக்கத்திலேயே விற்கவும் விட்டது. ஹவானாவின் அலமார் பகுதியில் 1997ல் தொடங்கிய பண்ணை சுமார் 10 ஹெக்டேருக்கு வளர்ந்தது. அதே கியூபா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை இன்றும் இறக்குமதிதான் செய்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் 1908ல் ஒரு சட்டம் வந்தது. ஆறு பேர் சேர்ந்து பயிர்மனை, அதாவது காய்கறி போட வாடகைக்கு விடும் நிலத்துண்டு, கேட்டு எழுதினால் உள்ளாட்சி மன்றம் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். ஒரு முழுமனை சுமார் 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் கூடுதல். உழைக்கும் மக்களை மனத்தில் வைத்துத்தான் இந்த ஏற்பாடே உருவானது.

நகரத்தில் பயிர் செய்வது பொழுதுபோக்காகிவிடுவது சொந்த மாடி உள்ளவர்களுக்கு மட்டும் அது வாய்க்கும்போதுதான். பூட்டிக் கிடக்கிற பொது இடம் சென்னையில் இல்லவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் தெருவில் ஐந்து பேரைச் சேருங்கள். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது ஒரு துண்டு நிலமும் வேலியும் ஒரு தண்ணீர்க் குழாயும் எழுதிக் கேளுங்கள். பூங்காவில் கூட்டி அள்ளும் சருகையும் சேர்த்துக் கேளுங்கள்; உரம் போட ஆரம்பித்தால் முதலில் தட்டுப்பாடாவது அதுதான்.