ஆற்றில் சுண்ணாம்புக்கல் தூளைப் போட்டால் கரியமில வாயு எப்படிக் குறையும்?

ஆற்று நீரின் காரத்தன்மையைக் கூட்டி, அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு காற்றுக்குத் திரும்பாமல் பிடித்து வைப்பதுதான் இந்த முறை.

மண்ணில் இலைதழை மக்கும்போது உண்டாகும் வாயு, ஊற்றுநீரோடு ஆற்றுக்கு வருகிறது. அங்கே அது சும்மா கரைந்துதான் இருக்கும். மூடி திறந்த சோடா மாதிரி, ஓட ஓட வெளியேறிவிடும். சுண்ணாம்புக்கல்லை மாவாக அரைத்துத் தூவினால் கல், நீர், வாயு மூன்றும் சேர்ந்து பைகார்பனேட் ஆகிவிடுகின்றன. இது குமிழியாகப் பறக்காது. கரைந்தபடியே கடலுக்குப் போய், பெரும்பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே கிடக்கும்.

சரி, புது யோசனையா? இல்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், அமில மழையால் சால்மன் மீன்கள் அழிந்துவந்த வெஸ்ட் ரிவர் ஆற்றில் 2005 முதலே ஓர் இயந்திரம் இந்தத் தூளைக் கலந்துவருகிறது. மீனுக்காகத் தொடங்கியது, கார்பன் கணக்கு அப்புறம் வந்தது. அந்தக் கணக்குதான் தலைவலி: கல்லை வெட்டி, அரைத்து, லாரியில் ஏற்றிவரும் புகையையும் கழித்தாக வேண்டும்.

பலர் இதைக் காளவாசலில் சுட்ட சுண்ணாம்பு என்று நினைக்கிறார்கள். சுடும்போதே கல்லிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடும், இங்கே போடுவது சுடாத பச்சைக் கல்லின் தூள்.